வேறு சபைக்காரர் நடத்தும் இல்லத்துக்குக் கொடுக்கலாமா? சேலம், ஏற்காடு அனுபவங்கள்

சூரமங்கலத்தான்:

எங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில், ஜனங்கள் கொண்டுவரும் விளைச்சல் காணிக்கையை விற்கும் அறுப்பின் பண்டிகை ஏலம் முடிந்த மறுவாரம் கமிட்டியில் நடந்த பேச்சு இது. ஏலம் போகாத அரிசி மூட்டைகள், பூசணிக்காய், வாழைத்தார் எல்லாம் ஆலய வராந்தாவில் கிடந்தன. கத்தோலிக்கச் சிஸ்டர்கள் நடத்துகிற ஒரு முதியோர் இல்லத்துக்கு அனுப்பிவிடலாம் என்று ஒருவர் சொன்னார். உடனே இன்னொருவர் எழுந்துவிட்டார். "அங்க தினமும் மாதா முன்னால ஜெபமாலை சொல்றாங்க. நம்ம ஜனங்க கொடுத்த காணிக்கை அதுக்குங்களா போகணும்?"

தவறாமல் தசமபாகம் கொடுக்கிறவர். வம்புக்காகக் கேட்டவர் இல்லை. ஆனால் அவர் பிள்ளைகள் படித்தது கன்னியர் பள்ளியில். சீட் கேட்டு வாசலில் நிற்கும்போது வராத உபதேசம், அரிசி மூட்டையைத் தூக்கும்போது மட்டும் எங்கிருந்து வருகிறது என்று எனக்குக் கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை, கமிட்டியில் நான்தான் இளையவன்.

சபையின் மூத்தவர் ஒருவர் பழைய கதையை எடுத்தார். சேலத்தில் 1827-ல் ஊழியத்தைத் தொடங்கியவர்கள் லண்டன் மிஷன்காரர்கள். பிஷப் என்ற பதவியே அவர்களுக்குக் கிடையாது. கலெக்டர் ஆபீஸ் பக்கத்துக் கிறைஸ்ட் சர்ச், இங்கிலாந்துத் திருச்சபை வழி வந்த, பிஷப் உள்ள ஆங்கிலிக்கன்காரர்களுடையது. 1947 செப்டம்பர் 27-ல்தான் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், காங்கிரிகேஷனல், பிரஸ்பிட்டேரியன் எல்லாம் ஒன்றாகி சி.எஸ்.ஐ. வந்தது. "எங்க தாத்தாவுக்கு அந்தக் கோயில்காரங்களே வேற உபதேசம்தானுங்க" என்றார்.

அரிசி போய்ச் சேர்ந்தது. வாழைத்தார் அதற்குள் பழுத்து சண்டே ஸ்கூல் பிள்ளைகள் வயிற்றுக்குப் போயிருந்தது. உங்களுக்கு இப்படி நேரில் நடந்தது இருந்தால் எழுதுங்கள். வசனச் சண்டை வேண்டாம்.

எஸ்டேட் ரைட்டர், ஏற்காடு:

மலையில் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். சேக்ரட் ஹார்ட் கான்வென்ட் 1894, மான்ஃபோர்ட் 1917, இரண்டும் ஆர்.சி., அதாவது கத்தோலிக்கர்களுடையவை. ஹோலி டிரினிட்டி வெள்ளைக்கார பிளாண்டர்கள் காலத்து ஆங்கிலிக்கன் கோயில். லூத்தரன்காரர்கள் டேனிஷ் மிஷன் வழி. இருக்கிறது இத்தனூண்டு ஊர். யாருடைய ஆஸ்பத்திரி என்று பார்த்துக்கொண்டிருந்தால் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி ஜி.ஹெச்.சுக்குத்தான் ஓட வேண்டும்.

எங்கள் தோட்டத்தில் வேலை செய்யும் லூத்தரன் குடும்பம் ஒன்று. அந்த வீட்டுப் பெண்ணுக்கு மழை ராத்திரியில் வலி வந்து, பக்கத்துச் சிஸ்டர்கள்தான் பிரசவம் பார்த்தார்கள். ஜெபிக்கும் முன் சிஸ்டரே, "உங்க முறையில நீங்களே ஜெபம் பண்ணுங்க, நாங்க கூட நிக்கிறோம்" என்றாராம். இப்போதும் கிறிஸ்துமஸுக்கு முன்னால், புதுக் காப்பிக்கொட்டை வறுத்ததும் அந்த வீட்டிலிருந்து முதல் பொட்டலம் போவது அங்கேதான்.

ஜங்ஷன் விசுவாசி:

நான் பெந்தெகொஸ்தே சபை. மற்றவர்கள் சொல்வது நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் எனக்கு நடந்தது வேறு.

ஜி.ஹெச். வாசலில் நோயாளிகளோடு வந்தவர்களுக்கு மதியச் சாப்பாடு கொடுக்கும் ஒரு குழுவுக்கு மாதாமாதம் பணம் கொடுத்துவந்தேன். ஒரு நாள் பொட்டலம் கொடுக்க நானும் போய் நின்றேன். ஒவ்வொரு தயிர்சாதப் பொட்டலத்திலும் ரப்பர் பேண்டுக்குள் ஒரு கைப்பிரதி செருகியிருந்தது. படித்தேன். இயேசு தேவன் அல்ல, நல்ல போதகர் மட்டுமே. கடைசிக் காலத்துக்கு வேறொரு தூதர் எங்களிடம் வந்திருக்கிறார் என்று போட்டிருந்தது. பின்பக்கம், "அன்பளிப்பாளர்களுக்கு நன்றி."

அந்த அன்பளிப்பாளர் நான்தானே! மலையிலிருந்து வந்திருந்த ஒரு பாட்டியம்மா அந்தத் தாளை நாலாக மடித்து, சூடான டீ கிளாஸைப் பிடித்துக்கொண்டார். அவர் மேல் எனக்கு வருத்தமே இல்லை. ஆனால் பைபிளில் யோவானின் இரண்டாம் நிருபம், 10, 11 வசனங்கள் யாருக்காக எழுதப்பட்டன? இப்படிப்பட்ட உபதேசத்தைக் கொண்டுவருகிறவனுக்கு வாழ்த்துச் சொன்னாலே அவன் கிரியையில் பங்கு என்றிருக்கிறது. நான் பணமே கொடுத்திருக்கிறேன்.

அதற்கப்புறம் யாருக்கும் பணமாகத் தருவதில்லை. லீ பஜாரில் அரிசி, பருப்பு வாங்கி நேராக இறக்கிவிடுகிறேன்.

ஆடிட்டர் ஆபீஸ், அஸ்தம்பட்டி:

விசுவாசி அண்ணா, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் கணக்குப் பிள்ளையாக ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் அரிசி இறக்கினால், அரிசிக்கு அவர்கள் ஒதுக்கி வைத்திருந்த பணம் மிச்சம். அந்த மிச்சம் கைப்பிரதி அடிக்கிற பிரஸ்ஸுக்குப் போகாது என்று என்ன நிச்சயம்? பொருளாகக் கொடுத்தால் நம் மனசு ஆறும், அவ்வளவுதான். ரசீது வாங்கி, ஆண்டுக் கணக்கைக் கேட்டுப் பார்ப்பது அதைவிட உபயோகம். நல்ல இல்லங்கள் கேட்டால் காட்டுகின்றன. முகம் சுளிக்கிற இடத்தை நான் அப்போதே விட்டுவிடுவேன், அது நம் சபையாகவே இருந்தாலும்.

நன்கொடைக்கு வருமான வரியில் கழிவு தரும், 80ஜி என்று சொல்லும் பதிவு உள்ள டிரஸ்ட் என்றால் கொஞ்சம் தைரியமாகக் கொடுக்கலாம். ஒரு மதத்தாருக்கு, ஒரு ஜாதிக்கு மட்டும் என்று நடத்துகிற இடத்துக்கு அந்தப் பதிவு கிடையாது. மத காரியங்களுக்கு ஆண்டு வருமானத்தில் 5 சதவீதத்துக்கு மேல் செலவழிக்கவும் கூடாது. ஜெபமாலையோ, கைப்பிரதியோ, எல்லாம் அந்த ஐந்துக்குள்தான் அடங்க வேண்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு கிடைக்காது. செக் அல்லது ஜி.பே. போடுங்கள். புது வரிமுறையில் இருப்பவர்களுக்கு இந்தக் கழிவே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

சேனை வீட்டுப் பெண்:

நான் நாகர்கோவில் பக்கத்துப் பெண். சேலத்துக்கு வாக்கப்பட்டு வந்தவள். பிறந்த வீடு இரட்சணிய சேனை, சால்வேஷன் ஆர்மி என்கிற சபை. வில்லியம் பூத் 1865-ல் லண்டனில் தொடங்கியது, இந்தியாவுக்கு 1882-ல் வந்தது. அங்கே ஞானஸ்நானமும் கிடையாது, திருவிருந்தும் கிடையாது. கொடியின் கீழ் நின்று உறுதி எடுப்பதுதான் எங்களுக்கு.

கல்யாணத்துக்கு இங்கே ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்டார்கள். இல்லை என்றதும், "அப்போ கிறிஸ்தவங்களே இல்லியா?" என்று என் மாமியாரின் தங்கை கேட்டார். அப்பா யூனிஃபாரத்தோடு அங்கேயே உட்கார்ந்திருந்தார். அப்புறம் சில வருஷம் கழித்து அதே சித்திக்கு வயிற்றில் ஆபரேஷன். நாகர்கோவில் கேத்தரின் பூத் ஆஸ்பத்திரியில் நல்லபடியாகப் பார்த்தார்கள். அந்தப் பெயர் பூத்தின் மனைவி பெயர் என்று நான் சித்தியிடம் சொல்லவில்லை. அப்பா சொல்லிவிட்டார், சிரித்துக்கொண்டே.

வேலூர் சி.எம்.சி.யை எடுத்துக்கொள்ளுங்களேன். லூத்தரன், மார்த்தோமா, சி.எஸ்.ஐ. என்று பல சபைகள் சேர்ந்து நடத்துகிறது. உபதேசம் ஒத்துப்போன பிறகுதான் கட்டில் போடுவோம் என்றிருந்தால் இன்றைக்கும் அஸ்திவாரம்தான் தோண்டிக்கொண்டிருப்பார்கள்.

அரிசிப்பாளையம் வின்சென்ட்:

நாங்கள் வாங்குகிற பக்கம், அதனால் எழுதுகிறேன். ஏழைகளுக்கு உதவும் எங்கள் கத்தோலிக்க வின்சென்ட் தே பவுல் சபை 1833-ல் பாரிஸில் ஓசானாம் என்ற மாணவரும் நண்பர்களும் தொடங்கியது. எங்கள் பங்குக் கோயிலில் வாரக் கூட்டத்தின் முடிவில் ஒரு பை சுற்றிவரும். எல்லோரும் கையை உள்ளே விட்டு எடுப்போம். யார் போட்டது, யார் போடவில்லை என்று தெரியாது. ரெண்டு ரெண்டு பேராக வீட்டுக்குப் போய்ப் பார்ப்போம். இந்து வீடு, பாய் வீடு எல்லாம் உண்டு.

எங்கள் தெருவில் ஒரு பெந்தெகொஸ்தே அக்கா கவரின் மேல் "மருந்துக்கு மட்டும், மெழுகுவர்த்திக்கு அல்ல" என்று எழுதித் தருவார். எங்கள் பொருளாளர் அதைத் தனி வரியில் எழுதி, மருந்துக்கடை பில்லையும் ஒட்டி அக்காவிடம் காட்டுவார். முதலில் எங்களில் சிலருக்குச் சுருக்கென்றது. அக்கா கேட்டதில் என்ன தப்பு? அவர் பணம், அவர் மனசாட்சி. ஆடிட்டர் தம்பி சொன்ன மிச்சக் கணக்கு இங்கே செல்லாது, மெழுகுவர்த்திக்குக் கோயிலில் வேறு உண்டியல்.

ஜங்ஷன் விசுவாசி:

ஆடிட்டர் தம்பி சொன்னது ராத்திரி முழுக்க மனதில் ஓடியது. அவர் கணக்குச் சரிதான். அந்த ஜி.ஹெச். குழுவுக்கு அரிசியும் இனி இல்லை.

ஆனால் எல்லா வேறுபாடும் ஒரே தட்டில் வராது. யோவான் அந்த நிருபத்தில் ஏழாம் வசனத்தில் சொல்கிறது, இயேசு மாம்சத்தில் வந்தார் என்பதையே மறுக்கிறவர்களை. மாதா விஷயத்திலும் முழுக்கு ஞானஸ்நான விஷயத்திலும் எனக்கும் ஆர்.சி.காரர்களுக்கும் சண்டை தீராது, தீர வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை. ஆனால் அந்த வசனம் அவர்கள் மேல் பாயாது. எங்கள் பாஸ்டரிடம் சொன்னேன். அவருக்கு முழுச் சம்மதம் இல்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அரிசிப்பாளையத்தாரே, உங்கள் வாரக் கூட்டம் எந்தக் கிழமை? பொன்னி 26 கிலோ மூட்டை ஒன்று இறக்க வேண்டும். பில் எல்லாம் ஒட்ட வேண்டாம்.