மறு: மல்டிகலர் சஃபையர் – ‘பலவண்ண நீலம்’ வேண்டாமே

அனைவருக்கும் வணக்கம். மல்டிகலர் சஃபையர் என்ற பல நிற ரத்தினக்கல்லுக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று நம் குழுவில் நடக்கும் பேச்சுக்கு என் பதில் இது.

> ‘பலவண்ண நீலம்’ என்றே வைத்துக்கொள்ளலாமே? சஃபையர் என்றால் நீலம்தானே, படிப்பவருக்கு உடனே புரியும்.

ஐயா, புரியாமல் போகும் என்பதுதான் என் கவலை. நீலம் என்பது நமக்குக் கல்லின் பெயர், நிறத்தின் பெயரும் அதுவே. கல் நீலமாக இருக்கும்வரை வம்பில்லை. மஞ்சள் சஃபையர் வந்தால் ‘மஞ்சள் நீலம்’ என்று எழுத வேண்டிவரும். நகை பார்க்க வந்தவர் அதை அச்சுப்பிழை என்றுதான் நினைப்பார். வியாபாரத்தில் மஞ்சள் கல்லைப் புஷ்பராகம் என்கிறார்கள், சரி. ஆனால் டோபாஸுக்கும் அதே பெயர் ஓடுகிறது, அது வேறு கனிமம்.

சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையில் மாணிக்கத்தின் நான்கு சாதிகளில் ஒன்றுக்கே நீலம் என்ற பெயர் உண்டு என்று தங்கை ஒருவர் காட்டியிருந்தார். உண்மைதான், எனக்கும் பிடித்த இடம் அது. ஆனால் உரையின் துணை இல்லாமல் இன்று அது நமக்கே பிடிபடாது. கலைச்சொல் தன் காலில் நிற்க வேண்டும்.

வேர்ச்சொல் நம் கையிலேயே இருக்கிறது. சஃபையரும் மாணிக்கமும் ஒரே கனிமம், கொரண்டம். அந்தப் பெயரே குருந்தம் என்ற நம் தமிழ்ச் சொல்லிலிருந்து போனதுதான். 1798லேயே சார்லஸ் கிரெவில் என்ற ஆங்கிலேயர் ஆசியாவின் கொரண்டக் கல்லைப் பற்றி லண்டன் ராயல் சொசைட்டி இதழில் கட்டுரை எழுதிவிட்டார். நம்மிடமிருந்து போன சொல்லை நாமே ‘கொரண்டம்’ என்று திரும்ப வாங்கி எழுதுவது எனக்கு வலிக்கிறது.

சாணை பிடிக்க உதவும் சொரசொரப்பான குருந்தக்கல்லும் மோதிரத்தில் பதித்த நீலமும் உள்ளே ஒன்றுதான். அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்த படிகம், கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவில் கடினம் 9. தூய்மையாக இருந்தால் நிறமே கிடையாது. இரும்பும் டைட்டேனியமும் சேர்ந்து புகுந்தால் நீலம். இரும்பு மட்டும் என்றால் மஞ்சள். குரோமியம் கொஞ்சம் என்றால் இளஞ்சிவப்பு, கூடினால் மாணிக்கச் சிவப்பு. நிறம் வந்து சேர்வது, கல் குருந்தம். பெயரைக் கல்லின்மேல் வைப்போம்.

> குருந்தம் மரமாயிற்றே?

ஆமாம், வேங்கையும் மரம்தான், புலியும்தான். யாரும் குழம்பவில்லையே.

அப்புறம், இந்த ‘மல்டிகலர்’ என்ற சொல்லுக்குள் இரண்டு பொருள் இருக்கிறது. அதைப் பிரிக்காமல் எந்தச் சொல் வைத்தாலும் பொருந்தாது.

ஒன்று, கல்லுக்குக் கல் நிறம் மாறுவது. கைச்சங்கிலியில் ஒரு கல் மஞ்சள், அடுத்தது ஊதா, அதற்கடுத்தது பச்சை என்று கோத்திருப்பார்கள். இந்தக் கற்களைப் பொதுவாக ‘வண்ணக்குருந்தம்’ எனலாம். கோத்த நகைக்குக் ‘குருந்தக் கதம்பம்’ என்று ஒரு பெயர் தோன்றுகிறது. பல பூ சேர்த்துக் கட்டியதைக் கதம்பம் என்கிறோமே, அதே கணக்கு.

மற்றொன்று, ஒரே கல்லுக்குள் பல நிறம். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து இதற்குப் பெயர்போனது. அத்தகைய கல் ஒன்றைத் தண்ணீரில் போட்டு, வெள்ளைத் தாளுக்கு மேலே பிடித்து லென்ஸில் பார்த்திருக்கிறேன். நடுவில் தேன் மஞ்சள், ஓரத்தில் கரும்பச்சையை ஒட்டிய நீலம். எல்லைக்கோடு வளையவில்லை, நேராக வந்து சட்டென்று மடங்கியது. படிகம் அறுகோணமாக வளர வளர, உள்ளே சேர்ந்த இரும்பின், டைட்டேனியத்தின் அளவு மாறியிருக்கிறது. அந்த வளர்ச்சிதான் கோடாகப் பதிந்திருந்தது. கல் வெட்டுபவர் கையிலும் நிறைய இருக்கிறது. நீலத் துணுக்கு அடிமுனையில் விழும்படி வெட்டிவிட்டால், மேலிருந்து பார்க்கையில் கல் முழுக்க நீலம் போலவே தெரியும். நிறங்களைப் பிரித்துக் காட்ட வேண்டுமானால் வேறு கோணத்தில் வெட்ட வேண்டும்.

இதற்கு என் பரிந்துரை ‘பன்னிறக் குருந்தம்’, இரண்டே நிறம் என்றால் ‘இருநிறக் குருந்தம்’. ‘பட்டைநிறக் குருந்தம்’ என்று வந்த யோசனை கேட்க நன்றாக இருந்தாலும், கல் வேலையில் பட்டை என்றால் தீட்டிய முகம். முகத்துக்கு முகம் நிறம் மாறுகிறது என்று பொருள் போய்விடும்.

பகலில் நீலமாகவும் குண்டு பல்பு வெளிச்சத்தில் ஊதாவாகவும் தெரியும் கல்லை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அதில் ஒரு நேரத்தில் ஒரு நிறம்தான். ‘நிறமாறு குருந்தம்’ போதும்.

கடைசியாக, பத்பராட்ஷா. இளஞ்சிவப்பும் ஆரஞ்சும் குழைந்த, இலங்கைக்குப் பேர் வாங்கித் தந்த கல். பெயரின் மூலம் பதுமராகம்தான், ஆனால் தமிழில் பதுமராகம் என்றால் மாணிக்கம் என்று நிலைத்துவிட்டது. அதை இழுத்துவந்து இதற்குச் சூட்டினால் பழைய நூல் படிப்பவர்கள் திண்டாடுவார்கள். ‘தாமரைக் குருந்தம்’ எப்படி? ஆரஞ்சு நிறம் அதில் விடுபடுகிறதே என்ற உறுத்தல் எனக்கும் இருக்கிறது. இதைவிடப் பொருத்தமான சொல் யாருக்காவது தோன்றினால், தாமரையை விட்டுக்கொடுக்கத் தயார். குருந்தத்தை மட்டும் விட மாட்டேன்.