இலங்கைக்குக் குடும்பத்தோடு: ஆகஸ்டா, டிசம்பரா?

கேள்வி (கோவை): இரண்டு குழந்தைகள், அம்மாவுடன் ஒரு வாரம் வருகிறோம். குழந்தைகள் கடலில் குளிக்கணும், அம்மாவுக்குத் திருக்கோணேஸ்வரம் சிவன் கோயிலும் நல்லூர் முருகன் கோயிலும் பார்க்கணும். லீவு ஆகஸ்டிலோ டிசம்பர் கடைசியிலோ போடலாம். ஆகஸ்ட் மழைக்காலம் என்கிறார் ஏஜென்ட். உண்மையா?

பதில் (திருகோணமலை): அது மேற்கு, தெற்குக் கரைகளுக்குத்தான் பொருந்தும். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றால் பெந்தோட்டை, ஹிக்கடுவை, மிரிஸ்ஸ பக்கம் கடல் கொந்தளிக்கும், சிவப்புக் கொடி பறக்கும். மழையை மலைநாடு வாங்கிக்கொள்வதால் கிழக்குக் கரையில் நிலாவெளி, உப்புவெளி, பாசிக்குடாவில் வெயில்; கடல் குளம் மாதிரிக் கிடக்கும். உங்கள் இரண்டு கோயிலும் மழை குறைந்த இந்தக் கிழக்கு, வடக்குப் பக்கத்தில்தான். ஆகஸ்டில் வாங்கோ. டிசம்பரில் இங்கே வாடை மழையும் அலையும். அப்போது தெற்குக் கரைதான் சரி.

ஒன்றை மட்டும் கவனியுங்கோ. ஆகஸ்டில் கச்சான் காற்று (மேல்காற்று) தரையிலிருந்து கடலைப் பார்த்து வீசும். அலையே இல்லாத தண்ணீரிலும் ரப்பர் வளையத்தைப் பிள்ளையோடு ஆழத்துக்குத் தள்ளிவிடும். வளையம் வேண்டாம், லைஃப் ஜாக்கெட் போடுங்கோ. சின்னப் பிள்ளைகளுக்கு நிலாவெளியைவிடப் பாசிக்குடா நல்லது: வெளியே உள்ள பவளப்பாறை அலையை உடைக்கிறது, வெகுதூரம் இடுப்பளவுதான் தண்ணீர். நிலாவெளிக்கு எதிரே கடலில் இருக்கும் புறாத்தீவுக்குக் காலையிலேயே படகு ஏறுங்கோ. வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும்.

பதில் (யாழ்ப்பாணம்): நல்லூர்த் திருவிழா 25 நாள். ஆடி அமாவாசை கழிந்து ஆறாம் நாள் கொடியேற்றம், ஆவணி அமாவாசையை ஒட்டித் தீர்த்தம், அதற்கு முந்தைய நாள் தேர். பஞ்சாங்கம் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கோ. தேருக்கு வருவதென்றால் அறையை மாதக்கணக்கில் முன்னமே பிடிக்கணும். அம்மாவுக்குக் கூட்டம் ஒத்துக்கொள்ளாதென்றால் திருவிழா இல்லாத வாரம்தான் நிம்மதி. ஆண்கள் மேற்சட்டை கழற்றித்தான் உள்ளே போகலாம். நாகபூசணி அம்மன் கோயில் உள்ள நயினாதீவுக்குக் குறிகட்டுவான் துறையில் படகு. சோழகம் (தென்மேற்குக் காற்று) பலமாக வீசினால் ஆட்டம் இருக்கும், வாந்தி மாத்திரையை ஏறுவதற்கு அரை மணி முன்பே கொடுங்கோ.

கேள்வி: நன்றி. அக்டோபர் பள்ளி விடுமுறைக்குத் தள்ளிப்போடலாமா?

பதில் (கண்டி): வேண்டாம். அக்டோபர், நவம்பரில் இரண்டு கரையிலும் மழை, வங்கக்கடலில் தாழமுக்கம் (காற்றழுத்தத் தாழ்வு) வேறு. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலில் மலையகம் மண்சரிவால் சிதைந்தது. ஆகஸ்டிலேயே வாருங்கள். கொழும்பிலிருந்து திருகோணமலைக்கு ஒரே மூச்சில் ஓடாமல் ஹபரணையில் ஓர் இரவு தங்குங்கள். அந்த மாதம் பக்கத்து மின்னேரியாக் குளம் வற்றி, அடியில் புல் முளைக்கும்; பிற்பகலில் யானைகள் கூட்டம் கூட்டமாக இறங்கும். ஜீப்பை மாலை மூன்று மணிக்குப் பிடித்தால் போதும். கண்டியில் எசல பெரஹர என்ற பௌத்த ஊர்வலத் திருவிழா நடக்கும் நாட்களில் அறை வாடகை ஏறிவிடும். அந்த வாரம் கண்டியைத் தவிர்த்துத் தம்புள்ளை வழியே போங்கள்.