பொருள்: "ஏஐ ஏஜென்ட்" – முகவரா, ஏவலியா, அடுத்தாளா? (அவசரம், வெள்ளிக்குள்)

காரைக்குடியிலிருந்து:
வணக்கம். பி.காம். மூன்றாம் ஆண்டுக்குப் பணியாளர் மேலாண்மைப் பாடத்தைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு சொல்தான் முள்ளாக நிற்கிறது. வேலையைச் சொல்லிவிட்டால், படிகளைத் தானே பிரித்துக்கொண்டு, மின்னஞ்சல், கணக்கு என்று நாலு மென்பொருளைத் தொட்டு முடித்துத் தருமே, அந்த ஏஜென்ட். 'முகவர்' என்று போட்டேன். வகுப்பில் ஒரு பிள்ளை, "எல்ஐசிக்காரரா சார்?" என்கிறான்.

தேவகோட்டையிலிருந்து:
முகவர் கூடவே கூடாது. 'அர்' உயர்திணை ஈறு. நன்னூலார் "மக்கள் தேவர் நரகர் உயர்திணை" என்று மூன்றோடு நிறுத்திவிட்டார். இது மூன்றில் எது? (நரகர் என்பாரும் உளர்.) உலாவி, செயலி போல இகர ஈறு கொடுத்து 'ஏவலி' என்க.

பள்ளத்தூரிலிருந்து:
ஏவலி என்றால் ஏவுவதா, ஏவப்படுவதா? அதுவுமில்லாமல், ஏவல் என்றதும் எங்கள் தெருவில் எலுமிச்சம்பழம் வாங்கப் போய்விடுவார்கள். வீட்டுச் சொல் இருக்கும்போது வெளியே ஏன் அலைகிறீர்கள்? எங்கள் ஐயா ரங்கூன் கடைக்குப் பெட்டியடிப் பையனாக, அதாவது பணப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பழகுகிறவனாகப் போனவர். பிறகு அடுத்தாள். பிறகு மேலாள், அதாவது ஏஜெண்டு. முதலாளி ஊரில் இருப்பார். சம்பளச் சீட்டு (ஒப்பந்தம்) எழுதி மூன்று வருசக் கணக்கு. கிட்டே இருந்து சொன்னதைச் செய்து, கொஞ்சம் தானாகவும் முடிவெடுப்பவர் அடுத்தாள். அதையே போடுங்கள்.

தேவகோட்டையிலிருந்து:
ஆச்சி சொன்னது சுவை. ஆனால் 'அடு' என்றால் நெருங்கு. அடு என்றால் சமை (அடுப்பு, அடிசில்). அடு என்றால் கொல் (அடுகளம்). மூன்றும் ஒரே வேரா என்று பார்த்தால்...

காரைக்குடியிலிருந்து:
ஐயா, வெள்ளிக்கிழமை.

குன்றக்குடியிலிருந்து:
திணைச் சிக்கலுக்கு விடை தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. கிளவியாக்கத்தில் குடிமை, ஆண்மை, இளமை, மூப்பு, அடிமை என்று ஒரு பட்டியல்: உயர்திணையைச் சுட்டினாலும் அஃறிணையாய் முடியும். 'அடிமை' அதில் இருப்பதைக் கவனியுங்கள். இன்றைக்கும் கொத்தனார் போனில், "நாளைக்கு எத்தனை ஆளு வருது?" என்றுதான் கேட்கிறார். எண்ணிக்கையில் வந்துவிட்டால் ஆள் அஃறிணைதான். மென்பொருளை ஆள் என்பதில் இலக்கண வழு இல்லை. மனிதரை அப்படிச் சொல்லிப் பழகியதுதான் வழு.

கோட்டையூர் (இப்போது சிறுசேரி):
இலக்கணம் சரி அண்ணே, எனக்கு மனசு ஒப்பவில்லை. பெட்டியடிப் பையன்தான் அடுத்தாள் ஆனான், அடுத்தாள்தான் மேலாள் ஆனார். எங்கள் அலுவலகத்தில் புதுப் பிள்ளைகளுக்குக் கொடுத்த பில் பதிவும் சரிபார்ப்பும்தான் முதலில் மென்பொருளுக்குப் போனது. தப்புத் தப்பாகப் பதிந்து, திட்டு வாங்கித்தான் நான் கணக்குப் படித்தேன். அந்தப் படியையும் எடுத்துக்கொண்டு, பேரையும் அதற்கே சூட்டினால் எப்படி? இன்னொன்று. மூன்று வருசம் முடிந்து ஏஜெண்டு ஊர் திரும்பிக் கணக்கு ஒப்புவித்தார். "இதனை இதனால் இவன்முடிக்கும்" என்று வள்ளுவர் 'இவன்' போட்டார். 'இது' முடித்துக் கணக்கு உதைத்தால் கேட்பது யாரை?

பள்ளத்தூரிலிருந்து:
தம்பி, பெட்டியடியில் உட்காரப் பையன் எங்கே? 2020 கணக்கில் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்கு 1.4 பிள்ளை. 2021 மதிப்பீட்டில் நூற்றுக்குப் பதின்மூன்று பேருக்குமேல் அறுபதைத் தாண்டியவர்கள். எங்கள் வளவில் ஆத்தங்குடித் தரைக்கல் நாலு பெயர்ந்துவிட்டது. கண்ணாடிமேல் சாயம் ஊற்றிப் பூப்போடுகிறவருக்கு அறுபத்தெட்டு வயது. "கை நடுங்குது ஆச்சி, கோடு கலங்குது" என்கிறார். பக்கத்தில் நின்று பழக ஒருத்தரும் இல்லை. அவருக்கு அடுத்தாள் யார்? அந்த மென்பொருள் வந்து சாயம் ஊற்றுமா?

கோட்டையூர்:
அதைத்தான் ஆச்சி நானும் சொல்கிறேன். அந்தப் பேர் அவர் பக்கத்தில் நிற்க வேண்டிய பையனுக்கு. அதை வைத்திருங்கள்.

காரைக்குடியிலிருந்து:
அச்சகத்திலிருந்து இரண்டு முறை கூப்பிட்டாயிற்று. அடுத்தாளுக்கு என்னையும் சேர்த்து மூன்று, ஏவலிக்கு ஒன்று, கோட்டையூர் மறுப்பு. பாடத்தில் 'ஏஐ ஏஜென்ட்' என்றே விட்டுவிட்டு, அடிக்குறிப்பில் 'அடுத்தாள்' என்று கொடுத்துவிட்டேன். மன்னிக்கவும்.

தேவகோட்டையிலிருந்து:
என் எதிர்ப்பைப் பதிவு செய்கிறேன். தவிர, 'ஏஜென்ட்' என்று எழுதியிருக்கிறீர்கள். னகர மெய்க்குப் பின் டகரம் மயங்காது, சொல் டகர மெய்யில் முடியவும் முடியாது. ரங்கூன் போனவர்கள் 'ஏஜெண்டு' என்று சரியாகத்தான் எழுதினார்கள். அச்சகத்தை நிறுத்தச் சொல்ல முடியுமா?