ஃபோல்டருக்குள் அதே ஃபோல்டர் மறுபடி காப்பி ஆகிவிட்டது, எப்படிச் சரிசெய்வது?

கேள்வி:
உபுண்டு (லினக்ஸ் வகை இயங்குதளம்) வைத்திருக்கிறேன். வீட்டுப் படங்கள் 38 ஜிபி, எக்ஸ்டர்னல் டிரைவில் ஒரு பிரதி. போன மாதம் டெர்மினலில் (கட்டளை தட்டும் ஜன்னல்) 'சிபி -ஆர் படங்கள் காப்பு/படங்கள்' என்று காப்பி செய்யும் கட்டளையைக் கொடுத்தேன் (டிரைவின் பாதையைச் சுருக்கியிருக்கிறேன்), ஒழுங்காக வந்தது. நேற்று புதுப் படங்களும் சேரட்டுமே என்று மேல் அம்புக்குறியைத் தட்டி அதே வரியை எடுத்து ஓட்டினால், காப்பு/படங்கள்/படங்கள் என்று உள்ளே இன்னொரு முழு ஃபோல்டர். இடம் இரட்டிப்பாகப் போய்விட்டது. போதாததற்கு எல்லாப் படத்துக்கும் காப்பி செய்த நாளே தேதியாக நிற்கிறது, பையனின் முதல் பிறந்தநாளும் நேற்றுதான் நடந்ததாம். ஒரே கட்டளை எப்படி இரண்டு விதமாக வேலை செய்யும்?

பதில் 1:
செய்யும், எல்லோரும் ஒரு தடவை இதில் விழுந்தவர்கள்தான். கடைசியில் கொடுக்கும் ஃபோல்டர் இல்லையென்றால் சிபி அந்தப் பெயரில் புதிதாக உருவாக்கும். ஏற்கெனவே இருந்தால் அதற்குள் கொண்டுபோய் வைக்கும். தேதியை -ஆர் என்ற குறி காப்பாற்றாது, அதற்குப் பதில் -ஏ போட்டால் காப்பாற்றும். கம்ப்யூட்டரில் இருக்கும் அசல் தேதிகள் அப்படியே இருக்கும், பயப்பட வேண்டாம்.

பதில் 2:
உள்ளே இருப்பதை உடனே ஆர்எம் போட்டு அழிக்காதீர்கள், பாதையில் ஒரு இடைவெளி தவறி விழுந்தால் போச்சு. எம்வி கொண்டு 'பழசு' என்று வெளியே எடுத்து வையுங்கள், ஒரே டிரைவுக்குள் என்பதால் நொடியில் முடியும். அப்புறம் 'ஆர்சிங்க் -ஏவி படங்கள்/ காப்பு/படங்கள்/' (ஆர்சிங்க் என்பது மாறியதை மட்டும் காப்பி செய்யும் கட்டளை). முதல் பெயருக்குப் பின்னால் உள்ள சாய்கோடு முக்கியம், அதை விட்டால் மறுபடி ஃபோல்டருக்குள் ஃபோல்டர்தான். முதலில் -என் சேர்த்து ஓட்டினால் எதையும் எழுதாமல் பட்டியலை மட்டும் காட்டும். தேதி பொருந்தாததால் இந்தத் தடவை எல்லாவற்றையும் திரும்ப எழுதும், அடுத்த தடவையிலிருந்து புதுசு மட்டும்தான்.

கேட்டவர்:
ஓடியது, ஆனால் 'ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்' (இதைச் செய்ய அனுமதி இல்லை) என்று வரிசையாக வருகிறதே?

பதில் 2:
டிரைவ் எக்ஸ்ஃபேட் (டிரைவில் கோப்புகளைச் சேமிக்கும் ஒரு முறை) வகையா? அதில் கோப்பின் உரிமையாளர், குழு விவரங்களுக்கு இடமே கிடையாது, -ஏ அதையும் எழுதப் பார்க்கிறது. -ஏவி வேண்டாம், -ஆர்டிவி போடுங்கள், படங்களுக்குத் தேதி போதும்.

கேட்டவர்:
எக்ஸ்ஃபேட்தான். இப்போது ஒரு பிழையும் இல்லை, பிறந்தநாள் 2019க்கே திரும்பிவிட்டது. 'பழசு' இன்னும் ஒரு வாரம் அங்கேயே கிடக்கட்டும்.