மறு: மறு: கேரன்சிம் – தமிழில் என்ன சொல்வது?

குழு நண்பர்களுக்கு வணக்கம். தாமதமாகத்தான் இந்த இழைக்குள் வருகிறேன். கேரன்சிம் என்பது அடித்த முட்டையை மென்மையாக வேகவைத்து எடுக்கும் கொரிய உணவு (கேரன் என்றால் முட்டை). நம் கலைச்சொல் பட்டியலுக்கு அதன் தமிழ்ப் பெயரைத்தான் தேடுகிறோம்.

> முட்டையை ஆவியில் வேகவைப்பதுதானே? ‘அவித்த முட்டை’ என்று போட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகலாம்.

போக முடியாதே! கடையில் அவித்த முட்டை கேட்டுப் பாருங்கள். ஓட்டோடு தண்ணீரில் வேகவைத்து, உரித்து, இரண்டாகப் பிளந்து, மிளகுத்தூள் தூவித் தருவார்கள். புட்டையும் இடியாப்பத்தையும் ஆவியில் அவிக்கிறோம். முட்டையை மட்டும் தண்ணீருக்குள் போட்டு அவிக்கிறோம். ‘அவி’யை முட்டைக்கு ஏற்கெனவே செலவழித்தாகிவிட்டது. சரி, ‘முட்டை அவியல்’ என்றால்? தேங்காயும் தயிரும் சேர்ந்த அவியலில் முட்டை மிதப்பதுபோல ஆகிவிடும்.

> ‘முட்டை இட்லி’ எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் வேறொன்றாகப் புரியும். இட்லித் தட்டில் முட்டையை ஊற்றி எடுப்பதற்கு அந்தப் பெயர் வீடுகளில் உண்டு. அது கெட்டியாக இருக்கும். கேரன்சிம்மின் பதமே வேறு. சீம்பாலை ஆவியில் வைத்து எடுத்தால் கரண்டி பட்டதும் நடுங்குமே, கிட்டத்தட்ட அந்தப் பதம்.

எழுதியவர்களில் எத்தனை பேர் செய்து பார்த்தீர்கள் என்று தெரியவில்லை. நான் இந்த வாரம் மூன்று முறை செய்தேன். நான்கு முட்டை, அதாவது சுமார் 200 மில்லி. அதற்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர். பல கொரிய வீடுகளில் வெறும் தண்ணீர் ஊற்ற மாட்டார்கள். காய்ந்த நெத்திலியும் தாசிமா என்னும் கடற்பாசியும் போட்டுக் கொதிக்கவைத்து வடித்த சாறுதான். உப்புக்குப் பதில் உப்பிலிட்டு நொதிக்கவைத்த பொடி இறால். என்னிடம் அது இல்லை, கல்லுப்போடு நிறுத்திக்கொண்டேன். நெத்திலிக் கருவாடு இருந்ததால் சாறு மட்டும் சரியாக அமைந்தது.

முதல் இரண்டு முறை இட்லிப் பானையில் கிண்ணத்தை இறக்கிச் செய்தேன். முதல் முறை தீயைப் பெரிதாக வைத்துவிட்டேன். உள்ளே ஓட்டை ஓட்டையாகி, அடியில் தண்ணீர் விட்டுவிட்டது. சூடு மிஞ்சினால் முட்டையின் புரதம் இறுகிச் சுருங்கி, பிடித்துவைத்த நீரைக் கக்கிவிடும். இரண்டாம் முறை முட்டையை வடிகட்டி, ஆவித் துளி விழாமல் கிண்ணத்தைத் தட்டால் மூடி, சிறு தீயில் கால் மணி நேரம் வைத்தேன். வழவழவென்று வந்தது. எடுத்த பிறகு நல்லெண்ணெய் நாலு சொட்டு, வெங்காயத்தாள், எள். கொரியர்கள் ஊற்றுவது வறுத்த எள்ளிலிருந்து எடுத்த எண்ணெய். நம் செக்கு எண்ணெயின் மணம் வேறு. அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

மூன்றாம் முறைதான் எனக்குக் கலைச்சொல்லே கிடைத்தது. தென்கொரியத் தலைநகர் சோலில் இறைச்சி சுட்டுத் தரும் உணவகங்களில் துக்பேகி என்ற கனத்த மண்சட்டியில் கொண்டுவந்து வைப்பார்களே, அந்த முறை. சட்டியை நேராக அடுப்பில் வைத்து, சாற்றைக் கொதிக்கவிட்டு, அடித்த முட்டையை ஊற்றி, அடிப்பிடிக்காமல் கிளறவேண்டும். முக்கால் பங்கு உறைந்ததும் இன்னொரு கிண்ணத்தை மேலே கவிழ்த்து, தீயைக் குறைத்து மூன்று நான்கு நிமிடம். அடைபட்ட ஆவி முட்டையைத் தூக்கி, சட்டி விளிம்புக்கு மேலே தலைப்பாகை போல நிறுத்திவிடும். இதற்கு அங்கே ‘குண்டு கேரன்சிம்’ என்றே பெயர், வெடிகுண்டின் குண்டு.

கவனியுங்கள். இதில் ஆவிப் பானையும் இல்லை, தட்டும் இல்லை. ஆனாலும் பெயரின் பின்பாதி சிம்தான். மாட்டு விலா எலும்பைச் சோயா சாறில் மூடிவைத்து நெடுநேரம் வேகவைக்கும் கல்பிசிம்மும் சிம்தான். ஆகவே சிம் என்றால் ஆவி என்று எழுதினால் பாதிதான் சரி. மூடிய பாத்திரத்துக்குள் ஈரச் சூட்டில் வேகுவது, அதுதான் சிம்.

அந்தப் பெயர்ச்சொல்லின் வினை ‘சிதா’. வெயில் காலத்தில் காற்றே அசையாமல் உடம்பு வேகும்போதும் கொரியர்கள் இதே வினையைத்தான் சொல்கிறார்கள். ஆவிப் பானை வெக்கை என்ற பொருளில் ‘சிம்தோங் தோவி’ என்பது அவர்களுடைய கோடைக்காலச் செய்தித் தலைப்பு.

இப்போது தமிழுக்கு வாருங்கள். நெல் புழுங்குகிறது, மழைக்கு முன் வானிலையும் புழுங்குகிறது. ஒரே வினை, அதே இரண்டு வேலை! பொருநராற்றுப்படையில் ஆட்டிறைச்சி வேவதற்குப் ‘புழுக்கு’ வருகிறது. நம்முடைய கல்பிசிம் என்று வைத்துக்கொள்ளுங்கள். (இரண்டு மொழிக்கும் உறவு என்று உடனே யாரும் கிளம்ப வேண்டாம். ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1905-இல் கொரியத்தையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு எழுதியதே இன்னும் நம்மை விட்டபாடில்லை. இங்கே ஒத்துப்போவது பொருள்தான், ஒலி அல்ல.)

என் முன்மொழிவு: சிம் = புழுக்கு. கேரன்சிம் = முட்டைப்புழுக்கு.

> வட்டிலப்பம் இருக்கிறதே. வட்டிலில் செய்வதால் வட்டிலப்பம். அதே வழியில் ‘சட்டிமுட்டை’?

இந்த இழையிலேயே எனக்கு மிகவும் பிடித்த யோசனை இது. தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் முட்டையும் சேர்த்து ஆவியில் உறையவைக்கும் வட்டிலப்பம் இதற்குச் சித்தப்பா முறை ஆகவேண்டும். ஜப்பானியரும் சவன்முஷி என்று தேநீர்க் கிண்ணத்தை வைத்தே பெயரிட்டார்கள். ஆனால் சட்டிமுட்டை ஒரு பலகாரத்தின் பெயராக நின்றுவிடும். விலா எலும்புக்கும் மீனுக்கும் அடுத்த வாரம் என்ன செய்வீர்கள்? கலைச்சொல் குடும்பத்தையே தாங்கவேண்டும்.

அன்புடன்.

*

ஐயா,

விளக்கம் அருமை. ஆனால் ‘முட்டைப்புழுக்கு’ என்பதை வாய்விட்டு ஒருமுறை படித்தீர்களா? என் மகள் படித்துவிட்டு, “முட்டையில் புழுவா?” என்றாள். கொரியாவில் பட்டுப்பூச்சியின் கூட்டுப்புழுவை வேகவைத்துத் தெருவில் விற்கிறார்கள், பொந்தேகி என்று. அதையும் இதையும் குழப்பிக்கொள்ள ஒரு நிமிடம் ஆகாது.

இன்னொன்று. நான் பத்து ஆண்டு பாலக்காட்டில் இருந்தவள். மலையாளத்தில் புழுக்கு என்றால் வேகவைத்த கிழங்கு. ‘புழுங்ஙிய முட்டை’ என்றால் நீங்கள் வேண்டாம் என்று தள்ளிய அதே அவித்த முட்டை!

*

அம்மா,

மகளிடம் தோற்றுவிட்டேன். சொல்லிப் பார்த்தேன், எனக்கும் நெளிந்தது.

ஆனால் புழுங்கல் அரிசியைச் சாப்பிடும்போது யாருக்கும் புழு நினைவு வருவதில்லையே. ‘க்கு’ என்று முடிவதில்தான் வம்பு. எனவே புழுக்கை எடுத்துவிட்டுப் புழுங்கல் என்று வைக்கலாம்: முட்டைப்புழுங்கல். நாக்குக்குப் பழகிய சொல், சாப்பாட்டுப் பக்கத்திலேயே இருக்கிற சொல்.

மலையாள விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. அங்கே அவர்கள் அந்த வினையைச் செலவழித்துவிட்டார்கள். இங்கே முட்டைக்கு அது இன்னும் கைபடாமல் இருக்கிறது. பாலக்காட்டு வாசகர் ஒருவர் ஒரு கணம் தடுமாறலாம். ஆனால் ‘அவித்த முட்டை’ என்று எழுதினால் தமிழ்நாடு முழுக்கத் தடுமாறும்.

பொங்கி நிற்கும் குண்டு வகைக்குத் தனியாக ‘பொங்குமுட்டை’ என்று வைக்கலாம் என்று தோன்றுகிறது. ஊறுகாய் போல வினைத்தொகை. முக்காலமும் அடங்கும் என்பது இலக்கணம். என் வீட்டில் மட்டும் அடுப்பிலிருந்து மேசைக்கு வருவதற்குள் அமுங்கிப்போய் இறந்தகாலம் ஆகிவிடுகிறது. கவிழ்த்த கிண்ணத்தைச் சீக்கிரம் தூக்கிவிடுகிறேனோ என்னவோ.

எழுத்துப்பெயர்ப்பு பற்றி யாரோ கேட்டிருந்தீர்கள். சிம்மின் முதல் ஒலி நம் ‘பச்சை’யில் வரும் ச்ச போல அழுத்தமானது. ‘கேரன்ச்சிம்’ என்று எழுதினால்தான் ஒலி நெருங்கும். னகரத்துக்குப் பின் ச்ச வராதே என்று இங்கே இரண்டு பேர் சண்டைக்கு வருவார்கள். அடைப்புக்குறிக்குள் ஒருமுறை அப்படிப் போட்டுவிட்டு, பிறகு முழுக்க முட்டைப்புழுங்கல் என்றே எழுதலாம்.

கல்பிசிம்முக்கு ‘விலாப்புழுங்கல்’ என்று குறித்து வைத்திருக்கிறேன். ‘விலா’ போதுமா, ‘விலா எலும்பு’ என்று நீட்டவேண்டுமா? ஞாயிறு வரை பார்க்கிறேன். மறுப்பு வராவிட்டால் மூன்றையும் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.