ஸ்டாண்டர்டு எம்எல்: இரண்டு எழுத்து தள்ளி எட்டிப்பார்க்க முடியுமா?

பனங்கிழங்கு:
ஸ்டாண்டர்டு எம்எல் என்ற நிரல்மொழியில் சின்னதாக ஒரு லெக்சர் (lexer, நிரலின் எழுத்துகளைப் படித்துச் சொல், எண், குறி என்று பிரிக்கும் பகுதி) எழுதிக்கொண்டிருக்கிறேன். நான் உருவாக்கும் மொழியில் 1.5 என்ற தசம எண்ணும் உண்டு, பாஸ்கல் மொழி மாதிரி 1..10 என்ற வரம்பும் உண்டு. 1-க்கு அப்புறம் புள்ளி வந்தால் அது எந்தப் புள்ளி என்று தெரிய அடுத்த எழுத்தையும் பார்த்தாக வேண்டும். எழுத்துகளைப் படிக்கும் நூலகமான டெக்ஸ்ட்ஐஓ-வில் எட்டிப்பார்க்க உள்ள லுக்அஹெட் ஒரே ஒரு எழுத்தைத்தான் காட்டுகிறது, புள்ளியை எடுத்துவிட்டால் திருப்பி வைக்க வழியில்லை. படித்த எழுத்தைத் திருப்பி வைக்கும் சி மொழியின் அன்கெட்சி போல ஒன்றும் கண்ணில் படவில்லை. முழுவதையும் ஒரே சரமாகப் படித்துவிடலாம்தான், ஆனால் உள்ளீடு இன்னொரு நிரலிலிருந்து பைப் வழியாகவும் வரும், விசைப்பலகையிலும் வரும்.

தச்சன்:
அன்கெட்சி-யே ஒரு எழுத்துக்குத்தான் உத்தரவாதம் தரும், அதை விடுங்கள். கெட்இன்ஸ்ட்ரீம் போட்டு உள்ளே இருக்கும் ஸ்ட்ரீம்ஐஓ ஓடையை (stream, வரிசையாக வரும் எழுத்துகள்) எடுங்கள். அங்கே இன்புட்1 கொடுப்பது எழுத்தையும் மீதி ஓடையையும் சேர்த்து ஒரு ஜோடி, தீர்ந்துவிட்டால் நன் (NONE, ஒன்றுமில்லை). பழைய ஓடை கெடுவதில்லை, அதிலிருந்து மறுபடி படித்தால் அதே எழுத்துதான் வரும். ஆக 1 முடிந்த இடத்து ஓடைக்கு ஒரு பெயர் வைத்துக்கொண்டு இரண்டு எழுத்து முன்னே போய்ப் பாருங்கள், இரண்டும் புள்ளி என்றால் அந்தப் பழைய பெயரையே திருப்பிக் கொடுத்துவிடலாம். இரண்டு என்ன, இருநூறு எழுத்துகூடப் போகலாம். கடைசியில் டெக்ஸ்ட்ஐஓ பக்கம் திரும்ப வேண்டுமென்றால் செட்இன்ஸ்ட்ரீம் போடுங்கள்.

நண்டு_வளை:
ஓகேமல் (OCaml, எம்எல் குடும்பத்து இன்னொரு மொழி) எழுதுபவன் பொறாமையோடு எழுதுகிறேன். எங்களுக்கு ஸ்ட்ரீம் மாட்யூலில் பல எழுத்துகளை எட்டிப்பார்க்கும் என்பீக் இருந்தது, 5.0-இல் நிலையான நூலகத்திலிருந்தே தூக்கிவிட்டார்கள், இப்போது அது தனிப் பொதி. கோப்பில் படிக்கும் இடத்தை மாற்றும் சீக்_இன் போட்டுப் பின்னால் வரலாமே என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், சாதாரணக் கோப்புக்கு மட்டும்தான் அது என்று கையேட்டிலேயே இருக்கிறது.

பனங்கிழங்கு:
தச்சன் அண்ணா, வேலை செய்கிறது, நன்றி! ஆனால் இரண்டு தொல்லை. பெரிய கோப்பு கொடுத்தால் நினைவகம் ஏறிக்கொண்டே போகிறது. அப்புறம், விசைப்பலகையில் ஒரு வரி அடித்து என்டர் தட்டினால் பதிலே வருவதில்லை, அடுத்த வரியும் அடித்தால்தான் முதல் வரிக்கான பதில் வருகிறது.

தச்சன்:
முதல் தொல்லைக்கு, கோப்பைத் திறந்த இடத்து ஓடையை எங்காவது வேல் (val) போட்டுப் பெயர் வைத்துப் பிடித்து வைத்திருக்கிறீர்களா பாருங்கள். எஸ்எம்எல்/என்ஜே (ஸ்டாண்டர்டு எம்எல்லின் ஒரு கம்பைலர்)-யில் ஓடை என்பது பஃபர்களின், அதாவது படித்த எழுத்துகள் தங்கும் நினைவகத் துண்டுகளின், சங்கிலியும் அதில் நாம் நிற்கும் இடமும்தான். ஒவ்வொரு பஃபரும் அடுத்ததைச் சுட்டுகிறது, முதல் கண்ணியை நீங்கள் விடாதவரை வேண்டாத நினைவகத்தை விடுவிக்கும் குப்பை சேகரிப்பான் மொத்தச் சங்கிலியிலும் கை வைக்க முடியாது. இரண்டாவது, என்டருக்கு அப்புறமும் நீங்கள் எட்டிப்பார்க்கிறீர்கள், அங்கேதான் இன்னும் எதுவும் வரவில்லையே, வரும்வரை நிற்கும். ஓடை முடிந்துவிட்டதா என்று எண்ட்ஆஃப்ஸ்ட்ரீம் போட்டுக் கேட்டாலும் இதே கதைதான். புள்ளியைப் பார்த்த பிறகு மட்டும் முன்னே போங்கள்.

பனங்கிழங்கு:
பிழைச்செய்தியில் வரி எண் காட்டுவதற்காக ஆரம்ப ஓடையை ஒரு ரெக்கார்டில் வைத்திருந்தேன், அதுதான்! இப்போது வரி எண்ணை மட்டும் கூடவே தூக்கிக்கொண்டு போகிறேன். லூப்பின் தலையில் எண்ட்ஆஃப்ஸ்ட்ரீமும் இருந்தது, எடுத்துவிட்டேன்.