ஜிம் கேரல்: டைரி, பாட்டு சரி, கவிதைகள் எப்படி?

கோடைமேகம்:
டிகாப்ரியோ நடித்த ‘த பாஸ்கெட்பால் டைரீஸ்’ படத்தைப் பார்த்த கையோடு ஜிம் கேரலின் மூலப் புத்தகத்தையும் வாசித்து முடித்துவிட்டேன். அப்புறம் அவர் பாடிய ‘பீப்பிள் ஹூ டைட்’ பாட்டைக் கேட்டேன், அது இன்னும் காதைவிட்டுப் போகவில்லை. ஆனால் இவரைப் பற்றி எங்கே தேடினாலும் முதல் வரியில் ‘கவிஞர், பங்க் இசைக்கலைஞர்’ என்று போட்டுவிட்டு அடுத்த வரியிலிருந்து ஹெராயின், திருட்டு, தெரு என்றே ஓடுகிறது. கவிஞர் என்பது சும்மா மரியாதைக்குச் சேர்ப்பதா, இல்லை கவிதைகள் நிஜமாகவே தேறுமா? இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. பதின்மூன்று வயதுப் பையனின் டைரி இவ்வளவு சரளமாக இருக்குமா, பின்னால் உட்கார்ந்து செதுக்கியதா? வாசித்தவர்கள் சொல்லுங்கள். அடுத்து எதை எடுக்கலாம்?

பழையகேசட்:
மரியாதைக்கு எல்லாம் இல்லை. வருடங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள், தானே தெரியும். முதல் கவிதைத் தொகுப்பு ‘ஆர்கானிக் ட்ரெயின்ஸ்’ 1967ல் வந்தபோது ஆள் இன்னும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார். 1970ல் ‘ஃபோர் அப்ஸ் அண்ட் ஒன் டவுன்’, 1973ல் ‘லிவிங் அட் த மூவீஸ்’. நீங்கள் வாசித்த டைரி புத்தகமாக வந்தது 1978ல், முதல் இசைத்தட்டு ‘கேத்தலிக் பாய்’ 1980ல். அதாவது மைக்கைப் பிடிப்பதற்கு முன்னாலேயே பத்து வருடத்துக்கு மேல் கவிஞராக இருந்தவர். பாடகர் கவிதையும் எழுதினார் என்று சொல்வது தலைகீழ்க் கணக்கு.

பிறந்தது 1949ல் நியூயார்க்கில், லோயர் ஈஸ்ட் சைடில். ஐரிஷ் கத்தோலிக்கத் தொழிலாளர் குடும்பம். அப்புறம் மன்ஹாட்டனின் வடகோடியில் இருக்கும் இன்வுட்டுக்குக் குடிபெயர்கிறார்கள். கூடைப்பந்தில் கெட்டிக்காரர் என்பதால் டிரினிட்டி என்கிற பணக்காரப் பள்ளியில் உதவித்தொகையோடு இடம் கிடைக்கிறது. பகலில் கனவான் வீட்டுப் பிள்ளைகளோடு வகுப்பு, மைதானம், சாயங்காலம் ஊசி, இடையில் செயின்ட் மார்க்ஸ் தேவாலயத்தில் நடக்கும் கவிதைக் கூட்டம். அங்கே டெட் பெரிகன் மாதிரி பேர்பெற்ற கவிஞர்கள் இவரைத் தங்களில் ஒருவராகவே நடத்தினார்கள். தெருவை எல்லோரும் எழுதுகிறார்கள், அந்தத் தேவாலயத்தை யாரும் எழுதுவதில்லை, எனக்கு அதுதான் எரிச்சல்.

1973ல் போதையை விடுவதற்காக நியூயார்க்கை விட்டு கலிஃபோர்னியாவில் போலினாஸ் என்கிற சின்னக் கடலோர ஊருக்குப் போய்விட்டார். ராக் பக்கம் வந்தது தற்செயல் மாதிரிதான்: 1978ல் சான் டியாகோவில் ராக் பாடகி பேட்டி ஸ்மித்தின் கச்சேரி, இவரை மேடையில் ஏற்றிவிட்டு அவருடைய குழுவே பின்னால் வாசிக்க, இவர் தன் கவிதைகளைப் பாதி பேசி பாதி பாடினார். அதில் பிடித்துப்போய் சொந்தமாக ஒரு குழு ஆரம்பித்தார். பேட்டி ஸ்மித்தோடு பழைய நட்பு, நியூயார்க்கில் கொஞ்ச காலம் ஒரே வீட்டில் இருந்தவர்கள்.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். வெல்வெட் அண்டர்கிரவுண்ட் ராக் குழு 1970ல் நியூயார்க்கின் ‘மேக்ஸஸ் கேன்ஸஸ் சிட்டி’ விடுதியில் வாசித்த ஒலிப்பதிவு இருக்கிறதல்லவா, அதில் பாட்டுகளுக்கு நடுவே ஒருவர் குடிக்க பெர்னோ மது கேட்பார், மாத்திரையும் விசாரிப்பார். அது இவர்தான். ரெக்கார்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாவத்துக்கு வரலாற்றில் ஏறிவிட்டார்.

நெய்தல்வாசகி:
பாட்டைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். அந்தத் தலைப்பு பெரிகனுடையது. அவர் அதே பெயரில் ஒரு கவிதை எழுதியிருக்கிறார்: இறந்தவர் பெயர், தனக்கு என்ன உறவு, எதனால் இறந்தார், எந்த வருடம், இவ்வளவுதான் ஒவ்வொரு வரியும், ஏதோ பதிவேட்டில் குறித்ததுபோல. அழுகையே இல்லை. கடைசியில்தான், தன் இதயத்தின் வேகத்தைக் குறைத்துவிட்டுப்போன அந்த நண்பர்கள் இப்போது தன்னோடு இருக்கிறார்கள் என்று முடிப்பார்.

கேரல் அந்தப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு வேகத்தை மட்டும் எதிர்ப்பக்கம் திருப்பிவிட்டார். பசை முகர்ந்து கூரையிலிருந்து விழுந்த டெடிக்குப் பன்னிரண்டு வயது. மாத்திரையும் ஒயினும் விழுங்கிய கேத்திக்குப் பதினொன்று. ரத்தப் புற்றுநோயில் போன பாபிக்குப் பதினான்கு, பார்த்தால் அறுபத்தைந்து போல இருந்தானாம். ஒவ்வொருவருக்கும் ஓரிரண்டு வரிதான், நின்று வருந்த நேரம் கொடுக்காமல் கிடார் இழுத்துக்கொண்டு ஓடுகிறது. ஒப்பாரியில் செத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்களே, அதை மூச்சு விடாமல் ஓடிக்கொண்டே செய்தால் எப்படி இருக்கும்? கடைசிப் பகுதியில் ஆரம்பத்தில் வந்த பெயர்கள் திரும்ப வருகின்றன, கவனித்தீர்களா? வேறு பெயர் கிடைக்காமல் இல்லை, ஒரு தடவை சொன்னால் தீராது என்பதால்தான் என்று எனக்குத் தோன்றும்.

குரல் வளம் என்று பார்த்தால் ஒன்றுமில்லை. ஆனால் எந்த அசையில் அழுத்த வேண்டும், எங்கே வரியை வெட்ட வேண்டும் என்று தெரிந்தவர் பாடுகிறார். அது கவிதை வாசித்து வாசித்து வந்த பழக்கம்.

கறார்பேர்வழி:
மேலே இரண்டு பேரும் ரொம்பவே தூக்கிப் பிடிக்கிறீர்கள். எனக்கு இவர் உரைநடைக்காரர்தான். ‘லிவிங் அட் த மூவீஸ்’ வாசித்தேன், நல்ல வரிகள் உண்டு, ஆனால் பல பக்கங்களில் நியூயார்க் கவிஞர் ஃபிராங்க் ஓஹாராவின் நிழல் அப்படியே விழுகிறது. நடுவில் ஒரு கனவுப் படிமம் வரும், அதுவும் பிரெஞ்சுக் கவிஞர் ரெம்போ வழியாக வந்தது என்று தெரிந்துவிடும். டைரியில் அந்தக் கடன் இல்லை.

டைரி உண்மையா என்று கேட்டிருந்தீர்கள். முதல் பதிவை மறுபடி எடுத்துப் பாருங்கள். பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கான போட்டி, பையனுக்குப் பதின்மூன்று, பயிற்சியாளர் கள்ளப் பிறப்புச் சான்றிதழ் கொடுத்து இறக்கிவிடுகிறார். புத்தகத்தின் வாசலிலேயே ஒரு புளுகு, அதையும் அவனே சந்தோஷமாகச் சொல்லிவிடுகிறான். இதற்கு மேல் என்ன எச்சரிக்கை வேண்டும்? சில பகுதிகள் 1970லேயே ‘பாரிஸ் ரிவ்யூ’ இலக்கியப் பத்திரிகையில் வந்துவிட்டன, அப்போது அவருக்கு இருபது, இருபத்தொன்றுதான். ஆகவே நடுவயதில் உட்கார்ந்து இட்டுக்கட்டியதாக இருக்க வாய்ப்பில்லை. மெருகேற்றியிருப்பார், யார்தான் ஏற்றவில்லை? கைகால் முளைத்த கதைகள் அதில் நிறையவே இருக்கும். ஆனால் அந்தப் பையன் பேசும் தொனியைப் பின்னால் உட்கார்ந்து தயாரிப்பது கஷ்டம்.

படத்தைப் பற்றி ஒரு குறை. 1995ல் எடுத்தபோது கதையை அறுபதுகளிலிருந்து பிடுங்கித் தங்கள் காலத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். புத்தகத்தில் அந்தப் பையனுக்கு அணுகுண்டு பயம் தொடர்ந்து இருந்துகொண்டே இருக்கும், ஊரே எந்த நிமிடமும் பொசுங்கிவிடும் என்ற நினைப்போடுதான் வளர்கிறான். அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது போதையால் கெட்டுத் திருந்திய பையன் கதை. முடிவும் அப்படித்தான்: படத்தில் மேடையேறி வாசிக்கிறான், புத்தகத்தில் வாந்தி எடுக்கப் போக வேண்டும் என்கிறான், தூய்மையாக இருக்க ஆசை என்கிறான், அவ்வளவுதான். யாரும் கைதட்டவில்லை. இத்தனைக்கும் கேரலே அந்தப் படத்தில் ஒரு காட்சியில் வந்துபோகிறார்!

பழையகேசட்:
@கறார்பேர்வழி ஓஹாரா நிழலை ஒப்புக்கொள்கிறேன், இருபது வயதில் யாருக்கு நிழல் விழவில்லை. ஆனால் அதோடு நிறுத்திவிட்டு மொத்தத் தீர்ப்பும் எழுதுவது சரியில்லை. 1986ல் வந்த ‘த புக் ஆஃப் நாட்ஸ்’ பார்த்தீர்களா? அதில் உரைநடைக் கவிதைகள்தான் பாதி பலம், நீங்கள் சொல்லும் உரைநடைக்காரரும் நான் சொல்லும் கவிஞரும் அங்கே ஒரே ஆள். 1998ல் வந்த ‘வாய்ட் ஆஃப் கோர்ஸ்’ஸில் தற்கொலை செய்துகொண்ட நிர்வாணா குழுப் பாடகர் கர்ட் கோபெய்னுக்கு எழுதிய எட்டுத் துணுக்குகள் இருக்கின்றன. அங்கே பாட்டின் வேகம் எதுவும் கிடையாது, தப்பிப் பிழைத்த ஒருவர் தப்பாத ஒருவரிடம் மெதுவாகப் பேசுகிறார்.

கோடைமேகம்:
அந்தக் கள்ளச் சான்றிதழை வாசித்துச் சிரித்துவிட்டு நகர்ந்துவிட்டேன், இப்படி யோசிக்கவில்லை. சரி, கையில் ஒரே ஒரு புத்தகம்தான் வாங்க முடியும் என்றால்? அவர் எழுதிய ‘த பெட்டிங் ஜூ’ நாவல் எப்படி?

நெய்தல்வாசகி:
ஒன்றே ஒன்று என்றால் ‘ஃபியர் ஆஃப் ட்ரீமிங்’. 1993ல் வந்த தேர்ந்தெடுத்த கவிதைகள், பழசும் புதுசும் இருப்பதால் கறார்பேர்வழி சொன்ன நிழல் எங்கே விலகுகிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். டைரியின் தொடர்ச்சி வேண்டுமென்றால் ‘ஃபோர்ஸ்டு என்ட்ரீஸ்’, 1971 முதல் 1973 வரை, ஓவியர் ஆண்டி வார்ஹோலின் வட்டாரமும் போலினாஸும் அதில் வரும். முதல் டைரியைவிட வயதான குரல், கிண்டல் தன் பக்கமே கூடுதலாகத் திரும்பும்.

‘த பெட்டிங் ஜூ’ நாவலை இப்போதைக்கு எடுக்காதீர்கள். வெலாஸ்கெஸ் ஓவியம் ஒன்றைப் பார்த்து நிலைகுலைந்து ஓடும் ஓவியனின் கதை, பேசுகிற அண்டங்காக்கை கூட உண்டு, சில இடங்கள் அபாரம். ஆனால் 2009 செப்டம்பரில் மாரடைப்பு வந்தபோது மேசையில் அந்த வேலைதான் நடந்துகொண்டிருந்தது, அடுத்த வருடம் அவர் இல்லாமலே அச்சுக்குப் போனது. நடுவில் இழுவை தெரிகிறது. ஆளைப் பிடித்துப்போன பிறகு வாசித்தால் அந்த இழுவையைப் பொறுத்துக்கொள்வீர்கள்.

கறார்பேர்வழி:
‘ஃபியர் ஆஃப் ட்ரீமிங்’ சரியான தேர்வுதான். ‘புக் ஆஃப் நாட்ஸ்’ நான் வாசிக்கவில்லை, எடுத்துப் பார்க்கிறேன். ஆனால் இரண்டாவது, மூன்றாவது இசைத்தட்டுகளையும் கேட்கச் சொல்லி யாராவது வந்தால் நம்பாதீர்கள் கோடைமேகம், ‘கேத்தலிக் பாய்’ ஒன்று போதும்.